தேசாதிபதியின் கட்டளையைத் தள்ளிய நீதியரசர்

மாத்தளை மலைச்சாரலில் தொடங்கிய ஒரு வழக்கின் வரலாறு

கன்றை இழந்த பசு ஆராய்ச்சி மணியை அசைத்த ஓசை கேட்டுத் தன் மைந்தனையே தேர்க்காலில் இட்ட சோழன் கதையை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. வேளை தவறி ஒரு வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்காகத் தன் கையையே வெட்டிக்கொண்ட பாண்டியன் கதையையும் பாட்டிமார் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். இவ்விரு கதைகளிலும் அரசனே நீதிபதி. தன் குடியிற் பிறந்த பிழையைத் தானே உணர்ந்து, தன்னைத் தானே தண்டித்துக்கொண்டான். ஆனால், அரசன் தன் பிழையை உணராவிட்டால் என் செய்வது? ஆணையிடும் அதிகாரம் முழுவதையும் கையில் வைத்திருப்பவனை நோக்கி, “இந்த ஆணை செல்லாது” என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்?

அத்தகைய துணிவு நம் இலங்கை நாட்டில் ஒருமுறை வெளிப்பட்டது. 1937ஆம் ஆண்டு மே மாதம் 18ஆம் திகதி, கொழும்பு ஹல்ஸ்டோர்ப்பில் இருந்த உயர் நீதிமன்றத்தில், பிரித்தானிய மன்னரின் பிரதிநிதியான தேசாதிபதி பிறப்பித்த கட்டளை ஒன்று சட்டத்துக்கு முரணானது என்று தள்ளப்பட்டது. தீர்ப்புக் கூறிய ஆயத்துக்குத் தலைமை வகித்தவர் பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஏபிரகாம்ஸ். அந்த வழக்கின் வித்து விழுந்ததோ மாத்தளைக்கு அருகே, நக்கிள்ஸ் மலையடிவாரத்து மடுல்கலையில், தமிழ்த் தொழிலாளர் கொழுந்து பறித்த ரெலுகாஸ் என்னும் தேயிலைத் தோட்டத்திலே.

குடியேறி வந்தவரின் மகன்

சிட்னி சொலமன் ஏபிரகாம்ஸ் 1885ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 11ஆம் திகதி இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் அக்காலத்து ருஷ்ய சாம்ராச்சியத்தின் கீழிருந்த லித்துவேனியப் பகுதியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறிய யூதர். சொந்த நாடு விட்டு வந்தவர், மதத்தாலும் சிறுபான்மையினர். ஆயினும் பிள்ளைகளின் கல்வியில் அவர் குறை வைக்கவில்லை. அந்தக் குடும்பத்துச் சகோதரர் மூவர் உலகறியப் பேர் பெற்றனர். அடோல்ஃப் சிறந்த வைத்தியராகி, விளையாட்டு வீரர்களுக்கான மருத்துவத் துறைக்குப் பிரித்தானியாவில் முன்னோடியாக விளங்கினார். கடைக்குட்டியான ஹரோல்ட், 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் ஓட்டத்தில் தங்கப் பதக்கம் வென்றார். 1981இல் வெளிவந்த ‘சாரியட்ஸ் ஒஃப் ஃபயர்’ என்னும் ஆங்கிலத் திரைப்படத்தின் நாயகர் இருவருள் ஒருவர் அவரே.

நம் நீதியரசரும் விளையாட்டிற் சளைத்தவரல்லர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையின் எம்மானுவேல் கல்லூரியிற் பயின்ற அவர் நீளம் பாய்தலில் வல்லவர். 1906இல் ஏதென்ஸ் நகரில் நடந்த இடைக்கால ஒலிம்பிக்கிலும், 1912இல் ஸ்டொக்ஹோம் ஒலிம்பிக்கிலும் பிரித்தானியாவின் சார்பிற் பாய்ந்தார். பதக்கம் கிட்டவில்லை. எனினும் தம் தம்பிக்கு விளையாட்டில் ஆசை மூட்டியவர்களுள் இந்த அண்ணனும் ஒருவர் என்பதை மறக்கலாகாது.

நீளம் பாய்தலைப் பாடசாலை மைதானத்தில் நம் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். எவ்வளவு வேகமாக ஓடி வந்தாலும், எவ்வளவு தூரம் பாய்ந்தாலும், மிதி பலகையின் விளிம்பைப் பாதம் ஓர் அங்குலம் தாண்டிவிட்டால் அந்தப் பாய்ச்சல் கணக்கில் இல்லை. பாய்ந்தவர் யார், அவர் எந்த நாட்டவர், எவ்வளவு புகழ் படைத்தவர் என்று நடுவர் பார்ப்பதில்லை. பலகையை மட்டுமே பார்ப்பார். பிற்காலத்தில் நீதியாசனத்தில் அமர்ந்த ஏபிரகாம்ஸ், தேசாதிபதியின் கட்டளையையும் இதே கண்கொண்டு பார்த்தார் எனலாம்.

கண்டம் கடந்த உத்தியோகம்

1909இல் வழக்கறிஞராகப் பதிவு பெற்ற ஏபிரகாம்ஸ், பின்னர் குடியேற்ற நாட்டுச் சட்ட சேவையிற் புகுந்தார். சான்சிபார், பக்தாத், உகண்டா, இன்று கானா எனப்படும் தங்கக்கரை நாடு என்று பல தேசங்களில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. உகண்டாவிலும் தங்கக்கரையிலும் சட்டமா அதிபராக இருந்து, அரசாங்கத்தின் பக்கம் நின்று வழக்காடிய அனுபவமும் அவருக்கு உண்டு. 1933இல் உகண்டாவின் பிரதம நீதியரசரானார். அடுத்த ஆண்டில் தங்கனிக்காவின் பிரதம நீதியரசரானார். 1936இல் இலங்கையின் பிரதம நீதியரசராக நியமனம் பெற்றுக் கொழும்பு வந்து சேர்ந்தார்.

ஒரு செய்தியை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் உயர் நீதிபதிகளைப் பதவியிலிருந்து நீக்குவது எளிதன்று. பாராளுமன்றத்தின் இரு சபைகளும் கேட்க வேண்டும். குடியேற்ற நாடுகளிலோ நீதிபதிகள் மன்னரின் விருப்பம் உள்ள வரையிலுமே பதவி வகித்தனர். இடமாற்றமும் பதவி உயர்வும் இலண்டனிலுள்ள குடியேற்ற நாட்டுக் காரியாலயத்தின் கையில் இருந்தன. ஆகவே, மன்னரின் பிரதிநிதியோடு முரண்படுவது, ஒரு நீதியரசருக்குத் தம் எதிர்காலத்தையே பணயம் வைப்பதற்கு ஒப்பாகும்.

மாத்தளையின் பழைய வடு

மாத்தளை மண்ணுக்கும் தேசாதிபதிகளின் அதிகாரத்துக்கும் இடையே பழைய கணக்கு ஒன்று உண்டு. 1848இல் டொரிங்டன் பிரபு தேசாதிபதியாக இருந்த காலத்தில் நாய்க்கு வரி, துப்பாக்கிக்கு வரி, கடைக்கு வரி, வீதி அமைக்க ஆண்டில் ஆறு நாள் உழைப்பு அல்லது அதற்கு ஈடாகப் பணம் என்று புதிய சுமைகள் ஏற்றப்பட்டன. சனங்கள் பொறுக்கமாட்டாது எழுந்தனர். ஜூலை 26ஆம் திகதி தம்புள்ளையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கலகக்காரர் மாத்தளை நகருட் புகுந்து அரசாங்கக் கட்டிடங்களைத் தாக்கினர். மறுநாள் இராணுவச் சட்டம் பிரகடனம் செய்யப்பட்டது.

அதன் பின்னர் நடந்தது விசாரணை என்னும் பெயருக்குத் தகுதியற்றது. இராணுவ மன்றங்களின் அவசரத் தீர்ப்பினால் 18 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். வீர புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் வீழ்ந்தார். பௌத்த துறவி ஒருவர் காவி உடையோடேயே சுடப்பட்டார். உயர் நீதிமன்றத்தின் முன் கொண்டுவரப்பட்டோர் சற்றே பாக்கியசாலிகள். அவர்களுக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டதாயினும், அப்போதைய பிரதம நீதியரசர் சேர் அந்தோனி ஒலிபண்ட் கருணை காட்டுமாறு பரிந்துரைத்தார். கொங்காலேகொட பண்டாவின் மரண தண்டனை, கசையடியும் மலாக்காவுக்கு நாடுகடத்தலுமாக மாற்றப்பட்டது. பிரித்தானியப் பாராளுமன்றம் இவற்றையெல்லாம் ஆராயக் குழு அமைத்தது. டொரிங்டன் பிரபு 1850இல் பதவி இழந்து திரும்பினார்.

ஒலிபண்ட் அவர்களால் கருணையைத் தான் கேட்க முடிந்தது. 89 ஆண்டுகளுக்குப் பின்னர் ஏபிரகாம்ஸ் அவர்கள் கருணையைக் கேட்கவில்லை, சட்டத்தை எடுத்துரைத்தார். இரண்டுக்கும் இடையேயுள்ள தூரத்தை மாணவர்கள் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

தோட்டத்துக்கு வந்த வெள்ளை இளைஞன்

மாத்தளை வழி நம்மவருக்கும் கண்ணீர் தோய்ந்த வழியே. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காட்டு வழியே கால்நடையாகத் தம்புள்ளை கடந்து மாத்தளைக்கு வந்து, அங்கிருந்து மலைகளுக்கு ஏறினர். கொலராவிலும் காய்ச்சலிலும் வழியில் மாண்டவர் எத்தனையோ பேர். கோப்பி அழிந்து தேயிலை வந்தது. லயன் காம்பிராவும், விடியற்காலைப் பிரட்டும், கங்காணியின் கடனும் மாறவில்லை. தொழிலாளியைக் கடனோடு கட்டி ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்குக் கைமாற்றிய துண்டு முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1927இல் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சட்டம் வந்தது. ஆயினும் துரையின் வார்த்தையே தோட்டத்தில் வேதவாக்காக இருந்தது.

இச்சூழலில்தான் 1936ஆம் ஆண்டு மார்க் அந்தோனி பிரேஸ்கேர்டில் என்னும் 23 வயது இளைஞர் அவுஸ்திரேலியாவிலிருந்து ‘பெண்டிகோ’ என்னும் கப்பலில் வந்திறங்கினார். இலண்டனிற் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவர், ஓவியம் பயின்றவர், அங்கே வாலிபர் கம்யூனிஸ்ட் சங்கத்திற் சேர்ந்திருந்தவர். தேயிலைத் தொழில் பழகுவதற்காக ரெலுகாஸ் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டார். பழகியிருந்தால் நாளடைவில் சின்னத்துரையாகி, பெரிய துரையாகி, பங்களாவும் குதிரையுமாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் அவர் கண்கள் பங்களாப் பக்கம் திரும்பவில்லை. லயன் பக்கம் திரும்பின. பிணியுற்ற தொழிலாளரையும் எழுத்தறிவு பெறாத பிள்ளைகளையும் கண்டு உள்ளம் வெதும்பினார். தொழிலாளருக்கும் நிருவாகத்துக்கும் பிணக்கு மூண்டபோது தொழிலாளர் பக்கம் நின்றார். துரைமார் வர்க்கத்தில் இது பொறுக்க முடியாத பாவம். வேலை பறிபோயிற்று.

பிரேஸ்கேர்டில் கொழும்புக்குச் சென்று லங்கா சமசமாஜக் கட்சியிற் சேர்ந்தார். 1936 நவம்பரில் கட்சிக் கூட்டமொன்றில் அவரை மேடையேற்றியபோது, வெள்ளையர் ஒருவர் தெருமுனைக் கூட்டத்துக்குத் தோழராக வந்திருக்கும் புதுமையைக் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா எடுத்துக் கூறினார். 1937 ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டியில் பெருங்கூட்டம் நடைபெற்றது. இந்தியத் தேசிய இயக்கத்தின் வீராங்கனையான கமலாதேவி சட்டோபாத்யாய அதில் கலந்துகொண்டார். தோட்டத் தொழிலாளர் திரண்டிருந்த அக்கூட்டத்தில் பிரேஸ்கேர்டில், துரைமாரின் சுகபோகத்தையும் தொழிலாளரின் அவலத்தையும் ஒப்பிட்டுப் பேசினார். ஒரு துரையே துரைமாரைப் பழித்தால் ‘வெள்ளைத் தோலின்’ மதிப்பு என்னாவது என்று தோட்டக்காரர் கொதித்தெழுந்தனர்.

இரண்டு நாள் தவணை

தேசாதிபதியாக இருந்தவர் சேர் றெஜினோல்ட் ஸ்டப்ஸ். ஏப்ரல் 22ஆம் திகதி பிரேஸ்கேர்டிலின் கையில் ஒரு கட்டளை கொடுக்கப்பட்டது. 24ஆம் திகதி மாலை 6 மணிக்குள் ‘மூல்தான்’ என்னும் கப்பலேறி நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். குற்றச்சாட்டு இல்லை, விசாரணை இல்லை, இரண்டு நாள் தவணை மட்டுமே.

கப்பல் புறப்பட்டது, பிரேஸ்கேர்டில் ஏறவில்லை. அவர் தலைமறைவானார். நாடெங்கும் இதே பேச்சாயிற்று. மே 5ஆம் திகதி, உள்நாட்டு மந்திரியின் ஆலோசனையைப் பெறாமலே கட்டளையிட்ட தேசாதிபதியைக் கண்டித்து அரசாங்க சபை தீர்மானம் நிறைவேற்றியது. அன்றைய தினமே காலிமுகத்திடலில் பல்லாயிரவர் கூடினர். என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க, மலையகத் தொழிலாளரின் தலைவர் கோ. நடேசய்யர் எனப் பல கட்சியாரும் ஒரே மேடையில் நின்றனர். எல்லாரும் வியக்கும்படி, தேடப்பட்டுவந்த பிரேஸ்கேர்டிலும் அந்த மேடையில் தோன்றினார்! பின்னர்ப் பொலிசார் அவரைக் கைது செய்ததும் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்யப்பட்டது.

‘ஆளைக் கொணர்க’ என்பதே இம்மனுவின் பொருள். ஒருவரைச் சிறைப்படுத்தியவர் எவராயினும், அவரை நீதிமன்றத்தின் முன் நிறுத்தி, எந்தச் சட்டத்தின் பேரில் பிடித்து வைத்திருக்கிறார் என்று காரணம் காட்ட வேண்டும். காட்ட இயலாவிட்டால் விடுவிக்க வேண்டும். ஏழைக்கும் செல்வனுக்கும் இது பொதுவான கவசம்.

மூவர் அளித்த தீர்ப்பு

பிரதம நீதியரசர் ஏபிரகாம்ஸ், நீதியரசர்கள் மார்டன்ஸ், சோர்ட்ஸ் ஆகிய மூவர் வழக்கைக் கேட்டனர். பிரேஸ்கேர்டிலின் சார்பில், இலங்கை கண்ட தலைசிறந்த வழக்கறிஞர்களுள் ஒருவரான எச். வி. பெரேரா வாதாடினார்.

1896ஆம் ஆண்டு இலண்டனிற் பிறப்பிக்கப்பட்ட அரச ஆணை ஒன்று, ஒருவரை நாட்டை விட்டு வெளியேற்றும் அதிகாரத்தைத் தேசாதிபதிக்கு வழங்குகிறது என்றும், அவ்வதிகாரத்தை அவர் பயன்படுத்தியது சரியா பிழையா என்று நீதிமன்றம் கேட்கலாகாது என்றும் அரசாங்கத் தரப்பிற் சொல்லப்பட்டது.

நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. ஆட்சியாளர் ஒருவர் குடிமகன் ஒருவரின் சுதந்திரத்திற் கைவைப்பதாயின், தம் செய்கை சட்டப்படியானது என்பதை நீதிமன்றத்தின் முன் நிலைநாட்டக் கடமைப்பட்டவர். இக்கோட்பாட்டை 1931இல் நைஜீரிய நாட்டு வழக்கொன்றில் பிரிவிக் கவுன்சிலும் உறுதிப்படுத்தியிருந்தது. அடுத்து, 1896ஆம் ஆண்டு ஆணை எதற்காகப் பிறந்தது என்று நீதியரசர்கள் ஆராய்ந்தனர். நாடு ஆபத்தில் இருக்கும் அவசர காலத்துக்கென வழங்கப்பட்ட அதிகாரம் அது. 1937இல் போர் இல்லை, கலகம் இல்லை, நாடு அமைதியாக இருந்தது. ஒருவர் மேடையேறிப் பேசியதை அவசர நிலை என்று கொள்ள முடியாது. ஆகவே கட்டளை செல்லாது. பிரேஸ்கேர்டில் விடுதலை பெறுக என்று தீர்ப்பாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிரேஸ்கேர்டில் பேசியது சரியென்று நீதியரசர் சொல்லவில்லை. சமசமாஜக் கொள்கையை மெச்சவுமில்லை. தேசாதிபதியின் பாதம் பலகையைத் தாண்டிவிட்டது என்று மட்டுமே சொன்னார். அதுவே போதுமானதாயிருந்தது.

இன்னொரு நாட்டில் இன்னொருவர்

இத்தகைய தருணம் நம் அயல்நாடான பாகிஸ்தானிலும் நேர்ந்தது. 1954 அக்டோபர் 24ஆம் திகதி அந்நாட்டின் மகாதேசாதிபதி குலாம் முகம்மது அரசியல் நிர்ணய சபையைக் கலைத்தார். சபையின் தலைவர் தமிசுத்தீன் கான் வழக்குத் தொடுத்தார். சிந்து நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்த்தது. ஆனால் 1955இல் சமஷ்டி நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. ஐவருள் நால்வர் ஒரு பக்கம். தனியொருவராக மாறுபட்டுத் தீர்ப்பு எழுதியவர் நீதியரசர் ஏ. ஆர். கோர்னீலியஸ்.

ஏபிரகாம்சுக்கும் கோர்னீலியசுக்கும் உள்ள ஒற்றுமை வியப்பூட்டுவது. இருவரும் கேம்பிரிட்ஜில் பயின்றவர்கள். இருவரும் தாம் வாழ்ந்த சமூகத்தில் சிறுபான்மை மதத்தினர்: ஒருவர் யூதர், மற்றவர் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் கிறிஸ்தவர். ஏபிரகாம்ஸ் பாய்தலில் வீரர். கோர்னீலியசோ கிரிக்கெட்டின் காதலர். பாகிஸ்தானிய இளம் ஆட்டக்காரரை இங்கிலாந்துக்கு அனுப்பிப் பயிற்றுவிக்க ‘ஈக்லெட்ஸ்’ என்னும் குழுவை அமைத்தவர். ஒருவருடைய தீர்ப்பு வென்றது. மற்றவருடையது அன்று தோற்றது. ஆயினும் கோர்னீலியஸ் 1960 முதல் 1968 வரை பாகிஸ்தானின் பிரதம நீதியரசராக உயர்ந்தார். அன்றைய பெரும்பான்மைத் தீர்ப்பைக் காட்டிலும் அவருடைய தனிக்குரலையே சட்டம் பயில்வோர் இன்று மதிப்புடன் படிக்கின்றனர்.

தீர்ப்புக்குப் பின்

பிரேஸ்கேர்டில் அந்த ஆண்டிலேயே தம் விருப்பப்படி இங்கிலாந்துக்குச் சென்றார். 1999இல் இலண்டனிற் காலமானார். ஸ்டப்ஸ் அவர்களும் 1937இல் இலங்கையை விட்டகன்றார். ஏபிரகாம்ஸ் 1939 வரை பிரதம நீதியரசராக இருந்து ஓய்வு பெற்றார். தீர்ப்பினால் அவருக்குக் கேடு எதுவும் விளையவில்லை. 1941இல் பிரிவிக் கவுன்சிலில் அங்கத்துவம் அளித்து அவரைக் கௌரவித்தனர். அக்காலத்தில் இலங்கையின் இறுதி மேன்முறையீடுகளும் அந்தச் சபைக்கே சென்றன என்பது குறிப்பிடத்தக்கது. 1957 மே மாதம் 14ஆம் திகதி அவர் மறைந்தார்.

தோட்டத் தொழிலாளரின் கதை அத்துணை இனிதாக முடியவில்லை. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவராக்கிற்று. கோடாக்கன்பிள்ளை என்பவர் தொடுத்த வழக்கு பிரிவிக் கவுன்சில் வரை சென்றும், 1953இல் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பாயிற்று. எஞ்சியிருந்தோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. வெள்ளை இளைஞருக்கு 26 நாளிற் கிடைத்த நீதிக்கு, அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்கள் 55 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அப்படியானால் அந்தத் தீர்ப்பினால் என்ன பயன் என்று சிலர் கேட்கலாம். பயன் உண்டு. ஆணையிடுவோன் எவ்வளவு பெரியவனாயினும் அவனை நோக்கி, “எந்தச் சட்டத்தின்படி?” என்று கேட்கலாம் என்பதை அத்தீர்ப்பு இந்நாட்டுக்குக் கற்பித்தது. அந்தக் கேள்வியை வேண்டிய வேளையிற் கேட்காது விட்டால், அது சட்டத்தின் குறையன்று, நம் குறையே.

மாத்தளை முத்துமாரியம்மன் தேர் பார்க்கச் செல்லும் அன்பர்கள், கிழக்கே எழுந்து நிற்கும் நக்கிள்ஸ் மலைத்தொடரை ஒருகணம் நோக்குவார்களாக. அதன் சாரலில் எங்கோ ஒரு தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளரின் துயரம் ஓர் அந்நியரின் உள்ளத்தைத் தொட்டது. அவருடைய குரலை அடைக்க முயன்ற பெருங்கரத்தை, குடியேறி வந்தவர் ஒருவரின் மகன் சட்டம் என்னும் எளிய கோலினால் தடுத்து நிறுத்தினார். ஆராய்ச்சி மணி அரண்மனை வாயிலில் மட்டும் தொங்குவதன்று. அதை அசைக்கத் துணிபவரும், அதன் ஓசைக்குச் செவிசாய்ப்பவரும் இருக்குமிடமெல்லாம் அது ஒலிக்கும்.